ஒன்றரை ஸ்தாயி மேலே

முத்தாழியில் முதன்முதலாக நாதஸ்வரம் வாசித்தவன் கோமதிநாயகம். அதைக் கேட்டு நாடே சிரித்தது.

முத்தாழி என்பது கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடலுக்கடியில் இருநூறு மீட்டர் ஆழத்தில், நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம். நாற்பத்தெட்டுப் பேர் ஆறாறு மாதம் அங்கேயே தங்கிச் சுழலிகளைப் பழுது பார்ப்பார்கள். நினைத்த நேரத்தில் மேலே வந்துவிட முடியாது. உடம்பு அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குப் பழகிவிட்டால், ஒன்பது நாள் ‘இறங்கு அறை’ என்ற ஓர் இரும்பு அறைக்குள் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை இறக்கித்தான் வெளியே வர வேண்டும். ஊரில் கோயில் கொடை, கல்யாணம், சாவு எதற்கும் வர முடியாத அந்த ஜனங்களிடம் கலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று தூத்துக்குடி துரைசிங் கலை அறக்கட்டளை ஆசைப்பட்டது. அப்படி அனுப்பப்பட்ட முதல் வித்துவான்தான் கோமதிநாயகம்.

அவன் வாசித்ததில் இரண்டே நிமிடம் படமாக மேலே வந்தது. ஆள் கண்ணை மூடி உருகி ஊதுகிறான். வருவதோ தகரத்தை அறுக்கும் சத்தம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். யாரோ அதற்கு ‘கடலடி அணில்’ என்று பெயர் வைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளில்லை. கல்யாண மண்டபத்தில் அவன் வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்தாலே பின்வரிசையில் கிசுகிசுப்புத் தொடங்கியது. மூன்றாவது கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டான். அம்பாசமுத்திரத்தில் மைத்துனன் நடத்தும் டைல்ஸ் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவன் தங்கை தையல்நாயகிக்கு அது கை ஒடிந்த மாதிரி இருந்தது. பதினைந்து வருடமாக இருவரும் ஜோடி. அவன் வலப்பக்கம் நிற்பான், இவள் இடப்பக்கம். அவன் ஒரு சங்கதியைப் பாதியில் விட்டால் இவள் மீதியை எடுப்பாள். இப்போது யார் யாரோடோ ஜோடி சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் கழித்து அறக்கட்டளையிலிருந்து இவளுக்கு அழைப்பு வந்தது. மறுபடியும் முயன்று பார்க்கிறோம், வருகிறீர்களா என்றார்கள். பேசியவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் தையல்நாயகி சரியென்று சொல்லிவிட்டாள்.

கோமதிநாயகம் கடைக் கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலேயே கேட்டான். “ஏட்டி, ஒரு குடும்பத்துல ஒரு ஆள் சிரிப்பாச் சிரிச்சது போதாதா?”

“ஏன் அப்படிக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்ணே” என்றாள்.

காரணத்தைச் சொன்னது முத்தாழியின் ஒலித்தொடர்பு எஞ்சினியர் இனிகோ. தூத்துக்குடிப் பையன், முப்பது வயதிருக்கும். பேசும்போது இரண்டு கையும் சேர்ந்து பேசும். துறைமுகத்தை ஒட்டிய அவனுடைய பட்டறையில் தையல்நாயகி முதல் நாளே அதைக் கேட்டாள்.

“கீழ நாங்க மூச்சு விடுறது இந்தக் காத்து இல்லக்கா. அந்த ஆழத்துல இத சுவாசிச்சா ஆள் கிறங்கிப் போயிருவாவ. அதனால ஹீலியம்தான், உயிருக்கு வேண்டிய மட்டும் கொஞ்சூண்டு ஆக்சிஜன். ஹீலியத்துல சத்தம் கிட்டத்தட்ட மூணு மடங்கு வேகமா ஓடும். குழாய் அதே ரெண்டரை அடிக் குழாய்தான். உள்ள ஓடுற அலை வேற. அதான் ஒன்றரை ஸ்தாயி மேல ஏறிரும்.”

“அப்ப எங்க அண்ணன் தப்பா ஊதல.”

“அவிய ஊதுனது சரிதான். காத்துதான் வேற.”

ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது போலிருந்தது அவளுக்கு. உடனே அடுத்த கேள்வி வந்தது. சுருதி மேலே போகிறது என்றால், குழாயை நீட்டினால் கீழே இறங்கிவிடாதா? டீ கிளாஸை வாய்வரை கொண்டுபோன இனிகோ அப்படியே நின்றான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் முதுகில் கணக்குப் போடத் தொடங்கினான். ஏழரை அடி. ஏழரை அடி நீளத்தில் ஒரு நாதஸ்வரம் இருந்தால், முத்தாழியின் காற்றிலும் அது அம்பாசமுத்திரத்துச் சுருதியிலேயே பேசும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் அவன் படம் வரைந்து முடித்துவிட்டான்.

அறக்கட்டளையில்தான் வண்டி சேற்றில் மாட்டியது. அங்கே மரபு நிதி என்று ஒன்று, புதுமை நிதி என்று ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குழு. மரபுக் குழு படத்தைப் பார்த்துவிட்டு, ஏழரை அடிக் குழாய் நாதஸ்வரமே ஆகாது, புதுமைக் குழுவுக்குப் போங்கள் என்றது. புதுமைக் குழு, நாதஸ்வரம், பைரவி ராகம், இதில் என்ன புதுமை இருக்கிறது, மரபுக் குழுவுக்குப் போங்கள் என்றது. இரண்டு மாதம் இப்படியே அலைந்தபின் தையல்நாயகி நேரே ஹெப்சிபா துரைசிங்கின் அலுவலகப் படியேறினாள்.

ஹெப்சிபா சரக்குக் கப்பல் தொழிலில் சம்பாதித்தவர். சங்கீதம் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் நாதஸ்வரம் கேட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு நின்றுவிடுவார். பக்கத்தில் அறக்கட்டளைச் செயலாளர் வயிரவநாதன் இருந்தார். நாற்பது வருடமாக ஒரு நல்ல கச்சேரியைத் தவறவிடாத மனிதர். முதல் பயணத்துக்குப் பேர் எழுதிக் கொடுத்ததே அவர்தான். கோமதிநாயகத்துக்கு நேர்ந்ததை நினைத்து இன்றும் தூக்கம் கெடுகிறவர். மறுபடியும் ஒரு கலைஞரை அந்த ஆழத்துக்கு அனுப்பி அவமானப்படுத்த வேண்டாம் என்பது அவர் வாதம். அதோடு, விரலுக்கு எட்டாத துளைகளுக்கு நெம்புகோலும் மூடியும் வரைந்திருந்த அந்தக் குழாயை நாதஸ்வரம் என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

தையல்நாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “வாத்தியத்த மாத்தலேன்னா நாதம் மாறிருது. நாதம் மாறக் கூடாதுன்னா வாத்தியத்த மாத்தியாவணும். ரெண்டுல எது மரபுன்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

ஹெப்சிபா திரும்பி, “அண்ணாச்சி, பதில் சொல்லுங்க” என்றார்.

வயிரவநாதன் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். “எனக்குத் தெரியல” என்றார். அந்த மனிதர் அப்படிச் சொல்லி ஹெப்சிபா கேட்டதே இல்லை.

“அப்ப ரெண்டு நிதியும் வேண்டாம். இது என் சொந்தப் பொறுப்பு” என்றார் ஹெப்சிபா. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “ஒண்ணே ஒண்ணும்மா. அங்க கேக்குறவங்க முகத்தப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். கமிட்டி அறிக்கை படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு.”

அடுத்த நான்கு மாதம் பட்டறைதான் வீடு. ஏழரை அடியை நேராக வைத்தால் தூக்க ஆளில்லை என்று மூன்று மடிப்பாக வளைத்தார்கள். பட்டறை ஆட்கள் அதற்கு ‘மலைப்பாம்பு’ என்று பெயர் வைத்தார்கள். துளைகள் ஒன்றுக்கொன்று சாண் தூரத்தில் போய்விட்டதால் விரலுக்கு எட்டாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, மூடிக்கு ஒரு நெம்புகோல். இனிகோ ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஹீலியத்தை நிரப்பி, ரப்பர் துருத்தியால் ஊதவைத்துச் சோதித்தான். பதினோராவது சோதனையில் தொட்டிக்குள்ளிருந்து ஆதார ஷட்ஜம் அச்சு அசலாக வந்தது. பட்டறையே கைதட்டியது. தையல்நாயகி துள்ளி இனிகோவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஆனால் பயிற்சி தொடங்கியதும் ஒன்று உறுத்தியது. துளையைப் பாதி மூடி, கால்பங்கு திறந்து, விரலை வழுக்கி இழுத்தால்தான் நாதஸ்வரத்தில் கமகம் பிறக்கும். மூடிக்கு அது தெரியாது. திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். ஸ்வரமெல்லாம் சரியாக விழுந்தது. பைரவி மட்டும் வரவில்லை. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை பேர் உழைப்பைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது. தன் பழைய வாத்தியத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஒரு ஆசைக்கு, அந்தத் தொட்டியில் பேசும் அளவுக்கு நாணலைச் சுருக்கிக் குட்டிக் குட்டியாக நான்கு சீவாளி செய்தாள். ஊதுகிற முனை அது ஒன்றுதானே, உயரப்போகும் சுருதிக்கு அதுவும் சிறுத்தால்தான் ஈடுகொடுக்கும்.

இனிகோவோடு முத்தாழிக்கு இறங்கிய முதல் இரண்டு நாள் தையல்நாயகிக்கு எல்லாமே கனவு மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் வாத்துக்குஞ்சுக் குரல். காற்று கனத்துக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்க வேண்டியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு காதுக் கருவி கொடுப்பார்கள். அதற்குள் இருக்கும் குரல்திருத்தி, கீழே பேசும் கீச்சுக் குரலை மேலே பேசும் குரலாக மாற்றிக் காதில் போடும். இனிகோவின் கைவேலைதான் அது. வீட்டுக்குப் பேசும் போன் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும்.

நிலையத்தின் மேற்பார்வையாளர் காயல்பட்டினத்துப் பாத்திமுத்து. ஏழு வருடமாக இறங்கி ஏறுகிறவர். சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னார்: “எம் மவளுக்கு என்னோட இந்தக் கொரல் தெரியாது, தங்கச்சி. மெசின் கொரலத்தான் உம்மான்னு நெனச்சிட்டிருக்கா. நாங்க யாரும் எங்களுக்குள்ள அத மாட்டுறதில்ல. கழத்திப் பாரு, ரெண்டு நாள்ல பழகிரும்.” நான்காம் நாள் தையல்நாயகி கழற்றி வைத்தாள். கீச்சுக் குரல்களுக்குள் கோபமும் கேலியும் களைப்பும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. அது அவளுக்கு ஒரு புது ஊர்ப் பேச்சைக் கற்றது போல உற்சாகமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கச்சேரி. வேலைநேரம் மாறும் வேளையில் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பத்தெட்டுப் பேரும் கூடினார்கள். மலைப்பாம்பைத் தாங்கியில் நிறுத்தி, தையல்நாயகி மல்லாரியில் தொடங்கிப் பைரவிக்குப் போனாள். சுருதி அப்படியே அம்பாசமுத்திரத்துக் கோயில் வாசல். இனிகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாரே ஹெப்சிபா அம்மா, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்ல விருந்தாளியின் முகங்கள்.

அப்போது பாத்திமுத்து கேட்டார். “இது நல்லாத்தான் இருக்கு. போன வருசம் அண்ணாச்சி வாசிச்சாவளே, அந்தச் சின்னது கொண்டு வரலையா?”

தையல்நாயகிக்கு முகம் சுருங்கிவிட்டது. “அதக் கேட்டுத்தான சிரிச்சிய” என்றாள்.

பாத்திமுத்து மெல்லச் சொன்னார்.

“சிரிச்சோம். சந்தோசத்துல சிரிச்சோம். இங்க வார சினிமா, பாட்டு, வீட்டுப் போன் எல்லாமே மேல உள்ள கொரல்லதான் பேசும். எங்க கொரல்ல பேசுன மொத சாமான் அதுதான். நாங்க பேசுற மாதிரியே பாடுச்சு. ரெண்டு நிமிசம் தாங்க முடியல, சிரிச்சிட்டோம். பொறவு நாப்பது நிமிசம் ஒருத்தர் அசையல. அண்ணாச்சி கண்ணத் தொறக்காம வாசிச்சு முடிச்சிட்டு, நேரா எந்திரிச்சு எறங்கு அறைக்குப் போயிட்டாவ. கதவத் தட்டுனோம், தொறக்கல. எங்க மேல கோவம்னு நெனச்சோம். மேல சுத்துற அந்தப் படத்துல கேக்குறது அந்தச் சத்தமே இல்ல.”

போன வருடம் அந்தச் சமயத்தில் மேலே இருந்த இனிகோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேலே போன அந்த இரண்டு நிமிடமும் குரல்திருத்தி வழியாகத்தான் போயிற்று. பேச்சைத் திருத்தச் செய்த கருவி, இசையைக் கண்டதுண்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறது. தகரம் அறுக்கும் சத்தம் அங்கே பிறந்தது. கீச்சுச் சிரிப்பையும் கேலிச் சிரிப்பாகத் தடிக்கவைத்து அனுப்பியிருக்கிறது. ஒன்றரை வருடமாக நாடு கேட்டுச் சிரித்தது கோமதிநாயகத்தை அல்ல, அந்தக் கருவியை.

“அவிய வாசிச்சது முழுசும் எங்ககிட்ட இருக்கு. திருத்தாதது” என்றார் பாத்திமுத்து. “ஒவ்வொரு வேலைநேரத்துக்கும் முன்னால அதப் போட்டுட்டுத்தான் எறங்குதோம்.”

தையல்நாயகி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். குட்டிச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் ஊறவைத்து, பழைய வாத்தியத்தில் பொருத்தினாள்.

முதல் ஊதலில் அது கிளிபோலக் கத்தியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போது அவளுக்கு இதமாக இருந்தது. இரண்டாவது மூச்சில் விரல்கள் தம் இடத்தைக் கண்டுகொண்டன. துளை விரலின் கீழ் இருந்தது; வழுக்கலாம், நெகிழ்த்தலாம், பாதியில் நிறுத்தலாம். ஒன்றரை ஸ்தாயி மேலே, சாமான்யக் காற்றில் எந்த நாதஸ்வரமும் ஏறாத உயரத்தில், பைரவி நின்றது. எல்லாக் குழைவோடும் நின்றது. இத்தனை உயரத்தில் இத்தனை துல்லியமாக ஒரு காந்தாரம் அசையும் என்று அவள் நினைத்ததே இல்லை. தவிலில்லை, நாற்பத்தெட்டுப் பேரும் மேசையிலும் தொடையிலும் தாளம் போட்டார்கள். நடுவில் அவள் வேண்டுமென்றே ஒரு சங்கதியைப் பாதியில் விட்டாள். கூடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு வெல்டர், கீச்சுக் குரலில், மீதியைப் பாடி முடித்தார். அது அண்ணனின் முடிப்பு. ஒன்றரை வருடமாகக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ஒன்றரை மணி நேரம் வாசித்தாள். மூச்சு முட்டியபோதுதான் நிறுத்தினாள்.

அன்றே இனிகோ இரண்டு கச்சேரியையும் திருத்தாமல் தூத்துக்குடிக்கு அனுப்பினான். ஹெப்சிபாவும் வயிரவநாதனும் சேர்ந்து கேட்டார்களாம். முதலில் மலைப்பாம்பு. வயிரவநாதன் பத்து நிமிடத்தில் கையைத் தூக்கி, சுருதி சுத்தம், ஆனால் இது நாதஸ்வரமில்லை என்றாராம். அடுத்தது கீச்சுக் குரலில் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கத் தொடங்கியவர், கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிவிட்டார். “இதுதான் பைரவி. இதுதான் அந்தக் குடும்பத்துப் பிடி” என்று எழுந்து நின்றாராம். ஹெப்சிபா இதைப் போனில் சொல்லும்போது தையல்நாயகி இறங்கு அறையில் இருந்தாள்; ஒன்பது நாள் காவலில் இரண்டாம் நாள்.

“இனிமே ரெண்டு நிதி கெடையாது, ஒண்ணுதான்” என்றார் ஹெப்சிபா. “விதிய வயிரவநாதன் அண்ணாச்சியே எழுதிட்டாவ. ஒரு கலை எந்தக் காத்துல நடக்குதோ, அந்தக் காத்துலயே போய்க் கேட்டுட்டுத்தான் கமிட்டி முடிவு சொல்லணுமாம்.”

“அப்ப அவிய கீழ எறங்கணுமே?”

“காலையில மெடிக்கல் டெஸ்டுக்குப் போயிருக்காவ. அறுபத்திரண்டு வயசுல என்ன துள்ளல்ங்க.”

மலைப்பாம்பு வீணாகவில்லை. அதை முத்தாழியிலேயே விட்டுவிட்டு வந்தாள். தன் கைக்கு ஒரு நெம்புகோல்கூட வசப்படாத அந்த வாத்தியத்தில், நெம்புகோலோடே வாழ்கிற சுழலி மெக்கானிக் ஒருத்தி, அவர்களுக்குள் பாடிக்கொள்ளும் பாட்டு ஒன்றை இரண்டே நாளில் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அது என்ன இசை என்று தையல்நாயகிக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

அம்பாசமுத்திரத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மத்தியானம். கோமதிநாயகம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. நம்பிய மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை. அவள் பதிவைப் போட்டாள். போன வருடத்து நாற்பது நிமிடம், திருத்தாதது.

கையைக் கழுவிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து கேட்டான். ஆரம்பத்தில் சிரிப்பு எழும்பியபோது தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சிரிப்பு ஓய்ந்து, அந்த உயரத்துக் கீச்சொலி மட்டும் வீடு முழுக்கச் சுற்றியது. தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோமதிநாயகத்தின் வலது கை விரல்கள் முழங்காலின் மேல் அசையத் தொடங்கியதைத் தையல்நாயகி பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடைக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிப் போயிற்று.

பதிவு முடிந்தது. அவன் கண் ஈரமாயிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“மேல் ரிஷபத்துல ஒரு இழுப்பு வருதுல்லா, அந்த எடத்துல அவசரப்பட்டுட்டேன். அடுத்த தடவ அதச் சரி பண்ணிரணும்.”

தையல்நாயகி பதிவை முதலிலிருந்து மறுபடி போட்டாள்.